லாச்சிக்குள் கிடக்கும் கமராக் கார்ட்டுகள்



பழைய கமராவைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சுவிசில் யாரும் காசு கேட்பதில்லை. மின்சாமான் விற்கிற கடைக்காரர் பழையதைத் திருப்பி எடுத்தே ஆகவேண்டும். அதற்கான கட்டணத்தைப் பொருள் வாங்கும்போதே நாங்கள் கட்டிவிட்டோம். வீடு மாறும்போதும் கெல்லர் ஒதுக்கும்போதும் பூம்ப்ளிஸ், பெத்லெஹெம் வட்டாரத்தில் இருக்கிற எங்கள் ஆட்கள் இந்த வசதியை வடிவாகப் பயன்படுத்துகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கமராவைக் கொடுக்கும் முன் அதன் பற்றரி மூடியை ஒருதரம் திறந்து பாருங்கள். பற்றரிக்குப் பக்கத்தில், தபால் முத்திரை அளவில் ஒரு கார்ட் செருகியிருக்கும். அதைக் கழற்றி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எல்லாக் கமராவையும் சொல்லவில்லை. முக்கியமாக, 2002க்கும் 2006க்கும் இடையில் ஊருக்குக் கொண்டுபோன கமரா.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்து, முகாமில் கிடந்து, உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவி, ஒருவழியாக விசா உறுதியானவர்கள், பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வவுனியா தாண்டிப் போனார்கள். பிலிம் கமரா ஒதுங்கி டிஜிற்றல் கமரா வீடுகளுக்குள் நுழைந்ததும் அதே ஆண்டுகளில்தான். புறப்படுகிற அவசரத்தில் வாங்கிய இரண்டு மூன்று மெகாபிக்சல் கமரா. பெட்டிக்குள்ளேயே கிடந்த 16 மெகாபைட் கார்ட். கிணற்றடி, பள்ளிக்கூடம், அம்மம்மா, ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிமார், மாமரம், வேலி என்று கண்டதையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தோம். 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு 2009 மே வரைக்கும் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து உடுத்த துணியோடு வெளியே வந்தவர்களிடம் அல்பம் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்படியென்றால் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்த ஒரு வீட்டின் கடைசிப் படம் பூம்ப்ளிஸ்ஸில் ஒரு லாச்சிக்குள், பழைய சாவிகளுக்கும் செத்த பற்றரிகளுக்கும் நடுவில் கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு.

“அந்தக் கார்ட்டில் ஒன்றும் இல்லையே, அப்பவே அழிச்சாச்சு” என்பதுதான் எங்கே போய்க் கேட்டாலும் வருகிற பதில். அதனால்தான் அழிப்பது என்றால் கார்ட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

கார்ட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும். இன்ன பெயருள்ள படம், இன்ன இடத்தில் தொடங்குகிறது, இத்தனை கட்டங்களைப் பிடித்திருக்கிறது என்ற கணக்கு. குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்தும்போது கமரா தொடுவது இந்தக் கணக்கை மட்டுமே. அந்தக் காலத்துக் கார்ட்டுகளில் கோப்பின் பெயரில் முதல் எழுத்தை மாற்றிவிட்டு, அது பிடித்திருந்த கட்டங்களை ‘வெறுமை’ என்று குறித்துவிடும். படம் இருந்த இடத்திலேயே இருக்கும். காணிப் பதிவேட்டில் உங்கள் பெயரை வெட்டிவிட்டால் காணியில் நிற்கிற வீடு இடிந்துவிடுமா? இன்னொருவர் வந்து அந்த நிலத்தில் கட்டும்வரை வீடு நிற்கும். ‘ஃபோர்மற்’ செய்தாலும் பெரும்பாலான கமராக்களில் இதே கதைதான். வேண்டுமென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்றைய 64 கிகாபைட் கார்ட்டை முழுக்க எழுதி நிரப்ப, நொடிக்கு 30 மெகாபைட் வேகத்தில் 35 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். கமராவோ இரண்டு மூன்று நொடியில் ஃபோர்மற் முடிந்தது என்கிறது. அந்த நேரத்தில் அது அட்டவணையைத்தான் துடைத்திருக்க முடியும். (சில கமராக்களில், உதாரணமாகக் கனனில், ‘லோ லெவல் ஃபோர்மற்’ என்று தனியாக ஒன்று உண்டு. அது உள்ளே இருப்பதையும் துடைத்துவிடும். அதைத் தெரிவு செய்திருந்தால் நம்பிக்கை வைக்காதீர்கள்.)

எங்கள் வீடுகளில் பொதுவாக நடந்தது இதுதான். ஊரால் வந்ததும் படங்களைக் கொம்பியூட்டருக்கு மாற்றினோம். கார்ட்டை ஃபோர்மற் செய்தோம். பிறகு ஒரு பிறந்தநாளோ பள்ளிச் சுற்றுலாவோ அதில் பிடித்தோம். இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் கொம்பியூட்டர் செத்துப்போனது. கார்ட் லாச்சிக்குப் போனது. ஃபோர்மற் செய்த கார்ட்டில் கமரா பொதுவாகத் தொடக்கத்தில் இருந்துதான் திரும்ப எழுதும். ஆகவே ஊர்ப்பயணத்தின் முதல் படங்கள் இருந்த இடத்தில் இப்போது கேக் வெட்டும் படம் இருக்கும். அதற்குப் பின்னால் இருந்தவை பெரும்பாலும் தொடப்படாமல் கிடக்கும். கட்டுநாயக்காவும் கொழும்பு வீதியும் போய், வன்னியும் யாழ்ப்பாணமும் மிஞ்சியிருக்கிற கார்ட்டுகளை இதனால் எதிர்பார்க்கலாம்.

இன்னொன்று. 16 மெகாபைட் கார்ட்டில் நல்ல தரத்தில் பத்துப் பன்னிரண்டு படம்தான் கொள்ளும். ஆகையால் இரவில் விளக்கடியில் இருந்து, கண் மூடியது, தலை வெட்டுப்பட்டது, மங்கலானது என்று ஒவ்வொன்றாக அழித்து இடம் பிடிப்பது வழக்கமாக இருந்தது. அப்படி அழித்தவற்றில் பலவற்றுக்கு மேல் அடுத்த நாள் படம் ஏறியிருக்கும், அவை திரும்பாது. ஆனால் பயணத்தின் கடைசி நாட்களில் அழித்தவை கிடக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற சித்தப்பாவின் படம் அன்றைக்கு வீண். இன்றைக்கு, அவருடைய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

உடைந்த கமரா, நனைந்த கமரா என்றும் கைவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தாய்லாந்தின் காவோ லக் கரையில் இறந்துபோன கனடியத் தம்பதியர், அலை தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்ததில் இருந்து அருகே வரும்வரை படம் எடுத்திருந்தார்கள். உதவிக்குப் போன ஒருவர் கண்டெடுத்தபோது கமரா ஒன்றுக்கும் உதவாத நிலையில் இருந்தது. உள்ளே இருந்த கார்ட் வேலை செய்தது. படங்கள் அவர்களுடைய பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன. அசையும் உறுப்பு ஒன்றும் இல்லாத சின்னச் சில்லு அது. காற்சட்டைப் பொக்கற்றோடு வாஷ்கூச்சே இயந்திரத்துக்குள் போய் வந்த கார்ட்டுகளும் நன்றாகக் காயவிட்ட பிறகு வாசிப்பதுண்டு.

ஆனால் காலம் அதற்கு எதிரி. கார்ட்டில் படம் மின்னேற்றமாகச் சேமிக்கப்படுகிறது. மின்சாரம் இல்லாமலும் அந்த ஏற்றம் நிற்கும், ஆனால் மெல்ல மெல்லக் கசியும். பத்து வருடம் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லுகிற அளவு. பழைய சிறிய கார்ட்டுகள் அதைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கின்றன. ஆனாலும் 2003ஆம் ஆண்டுக் கார்ட்டுக்கு இருபது வயது எப்போதோ கடந்துவிட்டது. அடுத்த கோடை விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற பொருள் இல்லை இது.

இனி வேலைக்கு வருவோம். முதல் விதி ஒன்றும் செய்யாமல் இருப்பது. கார்ட்டைக் கமராவில் போட்டு ‘வேலை செய்யுதா’ என்று ஒரு படம் பிடித்துப் பார்க்கக் கூடாது. அந்த ஒரு படம் எதற்கு மேல் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. எஸ்டி கார்ட் என்றால் இடது பக்க விளிம்பில் ஒரு சின்னப் பூட்டு உண்டு. நகத்தால் அதைக் கீழே தள்ளிவிட்டால் கார்ட்டில் எழுதுவது தடுக்கப்படும். பிறகு கார்ட் றீடர் ஒன்று வேண்டும். கமராவையே வயரால் கொம்பியூட்டரில் கொழுவினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அப்படிக் கொழுவும்போது பல கமராக்கள் தம்மிடம் ‘இருக்கிற’ படங்களை மட்டும் காட்டும். அழித்ததைத் தேட கார்ட்டை நேரடியாக வாசிக்கவேண்டும். எஸ்டிக்கு றீடர் எங்கும் கிடைக்கும். சோனிக் கமராவின் மெமரி ஸ்ரிக், ஒலிம்பசும் ஃபூஜியும் 2002இல் கொண்டுவந்த எக்ஸ்டி கார்ட், தடித்த கொம்பக்ற் ஃபிளாஷ், இவற்றுக்கு எல்லாவற்றையும் வாசிக்கிற பழைய ‘மல்ரி’ றீடரைத் தேடிப் பிடிக்கவேண்டும். யாருடைய வீட்டிலாவது ஒன்று இருந்தால், தயவுசெய்து அதை எறிந்துவிடாதீர்கள்.

கார்ட்டைச் செருகியவுடன் விண்டோஸ் சிலவேளை டொச்சில் ஒரு கேள்வி கேட்கும்: இந்தத் தட்டைப் பயன்படுத்த முன் ஃபோர்மற் செய்யவேண்டும், செய்யவா? ‘அப்பிரெஹன்’ என்பதை அழுத்துங்கள். பிழை திருத்தவா என்று கேட்டாலும் அதே பதில். அம்மா அப்பா தனியே இருந்து இந்த வேலையைச் செய்வதென்றால் இந்த இடத்தில்தான் சிக்கல். கணினி அக்கறையோடு கேட்கிறது என்று நினைத்து ஓம் என்று அழுத்திவிடுவார்கள்.

அடுத்தது, கார்ட்டை முழுதாக, வெறுமை என்று குறித்த இடங்களையும் சேர்த்து, ஒரே கோப்பாகக் கணினிக்குள் பிரதி எடுப்பது. ‘இமேஜ்’ எடுப்பது என்று பிள்ளைகளிடம் சொன்னால் தெரியும். வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற இலவச மென்பொருள் போதும். கார்ட் இடைக்கிடை திக்கினால் லினக்சில் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ, வாசிக்க முடிந்த இடத்தை முதலில் எடுத்துவிட்டு முரண்டு பிடிக்கிற இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். இதற்குப் பிறகு கார்ட்டைக் கழற்றி உறைக்குள் போட்டுவிடலாம். மிச்ச வேலையெல்லாம் பிரதியில்தான். ஒன்று பிழைத்தால் இன்னொன்றை முயலலாம் என்ற நிம்மதி இந்தப் படியால்தான் வருகிறது. இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் பிறகு தலையில் கைவைக்கிறார்கள்.

படங்களைத் தேடி எடுக்க நான் சொல்வது ஃபோட்டோரெக். கிறிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. காசில்லை, விளம்பரம் இல்லை. பார்க்க அழகாக இருக்காது. அது அட்டவணையை நம்பாது. கார்ட்டைக் கட்டம் கட்டமாக வாசித்துக்கொண்டு போய்ப் படத்தின் அடையாளத்தைத் தேடும். ஒவ்வொரு ஜேபெக் படமும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டில் தொடங்கி எஃப்எஃப் டி9இல் முடியும். தொடக்கத்தைக் கண்டவுடன் பிடித்து இழுத்து வெளியே போட்டுவிடும். மீட்ட படங்களை அந்தக் கார்ட்டிலேயே சேமிக்காதீர்கள் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். சில படம் பாதி சாம்பல் நிறமாக வரும், அதாவது மற்றப் பாதிக்கு மேல் வேறு ஏதோ எழுதப்பட்டிருக்கிறது. அப்போதும் விடாதீர்கள். கமரா ஒவ்வொரு படத்தின் தலைப்பகுதியிலும் ஒரு சின்னப் பிரதி வைத்திருக்கும், பெரும்பாலும் 160க்கு 120 புள்ளி அளவில். பெரிய படம் சிதைந்தாலும் அந்தக் குட்டிப்படம் தப்பியிருக்கலாம். ஒரு முகத்தை இன்னார் என்று அடையாளம் காண அது போதும்.

வீடியோ அவ்வளவு சுலபம் இல்லை. பெரிய கோப்பு துண்டு துண்டாகக் கார்ட் முழுக்கச் சிதறிக் கிடக்கலாம். எம்பி4 என்றால் எந்தத் துண்டு எங்கே என்ற குறிப்பைப் பல கமராக்கள் பதிவு முடியும்போதுதான் எழுதும். நடுவில் பற்றரி போயிருந்தால் அந்தக் குறிப்பே இருக்காது. சாமத்திய வீடு, கலியாண வீடு பிடிக்கிற தம்பிமார் இதை அறிந்திருப்பீர்கள். உங்களுக்கு வேறு ஒன்று சொல்லவேண்டும்: விழாக் கார்ட்டை இரண்டு இடத்தில் பிரதி எடுக்கும்வரை அடுத்த விழாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். கார்ட்டுக்கு இன்று சில பத்து பிராங்க்தான். ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கைத் திரும்ப வைக்க முடியாது.

கணினி கார்ட்டைக் காணவே மறுத்தாலோ, கொள்ளளவு பூச்சியம் என்றாலோ, எந்த மென்பொருளாலும் பயனில்லை. அது ஆய்வுகூடத்து வேலை. மைக்ரோ எஸ்டி என்றால் மேற்பூச்சைச் சுரண்டி உள்ளே இருக்கிற தொடுமுனைகளில் மெல்லிய வயர் ஒட்டி வாசிப்பார்கள். பல நூறு பிராங்க் ஆகலாம். விலையை எழுத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். போனில் அழித்ததைப் பற்றியும் கேட்பீர்கள். இன்றைய போன்கள் உள்ளே இருப்பதைப் பூட்டுச் சங்கேதத்தில் வைத்திருப்பதால் கார்ட்டில் செய்கிற இந்த வித்தை அங்கே பலிக்காது. ஐபோனில் ‘சமீபத்தில் அழித்தவை’ என்ற இடத்தில் 30 நாள் கிடக்கும், கூகிள் ஃபோட்டோசில் மேகத்துக்கு ஏற்றிய படம் குப்பையில் 60 நாள் கிடக்கும். அதற்குள் பாருங்கள், அவ்வளவுதான்.

இனிக் கொஞ்சம் சங்கடமான விஷயம். கார்ட் ஆள் பார்த்துப் படம் தராது. வேண்டுமென்றே அழித்ததையும் சேர்த்துத்தான் கொண்டுவந்து கொட்டும். ஆகவே யாரோ ஒருவரிடம் ‘எடுத்துத் தா’ என்று கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சொந்தக்காரர் என்றாலும் பக்கத்தில் இருங்கள். கிடைத்த சந்தோசத்தில் உடனே முகநூலில் ஏற்றவும் வேண்டாம். 2003இல் யார் யாரோடு நின்று படம் எடுத்தோம் என்பது, படத்தில் இருக்கிற ஒருவர் இன்னும் ஊரில் வாழ்ந்தால், அவருக்கு இன்றும் பாரமாகலாம். குடும்பத்துக்குள் பாருங்கள், படத்தில் இருப்பவரைக் கேளுங்கள், பிறகு யோசியுங்கள். இதே காரணத்தால் பழைய கார்ட்டையோ கமராவையோ விற்பதென்றால் கமராவில் ஃபோர்மற் செய்வது போதாது. விண்டோஸில் விரைவு ஃபோர்மற் என்ற கட்டத்தில் உள்ள சரியை எடுத்துவிட்டு முழு ஃபோர்மற் கொடுங்கள். நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்க அது பூச்சியம் எழுதித் துடைத்துக்கொண்டிருக்கிறது.

படங்களைக் குடும்பத்துக்குள் அனுப்பும்போது வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும். எடுத்த திகதியும் கமராவின் விபரமும் உதிர்ந்துபோகும். யூஎஸ்பியில் போட்டுக் கொடுங்கள், அல்லது கோப்பாக அனுப்புங்கள். படத்துக்குள் இருக்கிற நேரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். கமராவின் மணிக்கூட்டை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். சுவிஸ் கோடை நேரத்தில் இருந்த கமரா, வன்னியில் நடுப்பகல் 12 மணி வெயிலுக்குக் காலை 8.30 என்று எழுதியிருக்கும். பற்றரி கழன்று நினைவு போன கமராவில் எல்லாப் படமும் ஜனவரி 1ஆம் திகதிதான்.

மீட்ட கோப்புகளுக்குப் பெயரும் இருக்காது. எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு இலக்கமும் மட்டுமே. இதில் இருக்கிறது யார், இது எந்த வளவு, அந்தக் கிணறு யாருடையது என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இங்கே பிறந்த பிள்ளைகள் மென்பொருளை ஓட்டட்டும். அப்பம்மாவும் தாத்தாவும் பக்கத்தில் இருந்து சொல்லட்டும். சொல்லச் சொல்லக் கோப்புக்குப் பெயர் வையுங்கள், ஆள், இடம், ஆண்டு என்று.

சுவிஸ் நாட்டின் ஒலி, ஒளி, நிழற்பட மரபைக் காக்க 1995இல் தொடங்கிய மெமோரியாவ் சங்கத்தின் முகவரி வேறெங்கும் இல்லை, எங்கள் பூம்ப்ளிஸ்ஸ்திராசே. பழைய பிலிமையும் நாடாவையும் படத்தையும் எப்படிப் பேணுவது என்று அவர்கள் வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறார்கள், டொச்சிலும் பிரெஞ்சிலும் படிக்கலாம். இங்கே படித்த பிள்ளைகளுக்கு அதில் சிரமம் இராது. ஊர், கோயில், பள்ளிக்கூடம், வாசிகசாலை என்று பொதுவான படங்கள் கிடைத்தால், படத்தில் இருப்பவர்கள் சம்மதித்த பிறகு, நூலகம் நிறுவனத்தோடு தொடர்பு கொள்ளுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றிவரும் அவர்கள், படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் ஆவணகம் என்று தனி இடம் வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் எக்ஸ்டியும் மெமரி ஸ்ரிக்கும் வாசிக்கிற றீடர் ஒன்று இருக்கிறது. வேண்டியவர்கள் சனிக்கிழமை பின்னேரங்களில் கொண்டுவரலாம். காசு வேண்டாம், பலகாரமும் வேண்டாம். கார்ட்டில் பூட்டு இருந்தால் அதைத் தள்ளிவிட்டு, ஒரு வெறும் யூஎஸ்பியையும் எடுத்துக்கொண்டு, படத்தில் உள்ளவர்களை அடையாளம் சொல்லக்கூடிய ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பூம்ப்ளிஸ் அயலவர் ஒருவர்